வாங்குகளை வெளியே போடுங்கள்!

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20 ஆம் நாள், வெள்ளிக்கிழமை. மாலை ஆறு மணிக்கு நாடெங்கும் ஊரடங்கு என அரசாங்கம் அறிவித்தது. மருதமுனை தொடக்கம் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் ஈறாகக் கடலோர வீதியில் இருந்த தேநீர்க்கடைகள் யாவும் அடுப்பணைத்துக் கதவடைத்தன. வாசலில் கிடந்த நீண்ட வாங்குகள் உள்ளே இழுக்கப்பட்டன. அன்று இரவே ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இங்கிலாந்திலும் ஒரு கட்டளை பிறந்தது. அந்நாட்டு மக்கள் நூற்றாண்டுகளாகக் கூடிப் பேசிவந்த 'பப்' எனப்படும் மதுக்கூடங்கள் எல்லாவற்றையும் மூடுமாறு பிரதம மந்திரி பணித்தார். நோய் ஒன்று, மருந்தும் ஒன்று, நாளும் ஒன்று!

மதுக்கூடத்துக்கும் நமக்கும் என்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். இக்கரையோரத்துப் பெரும்பான்மை மக்களின் மார்க்கம் மதுவை விலக்கியது. அவ்விலக்கை நாம் போற்றுகிறோம். ஆனால் 'பப்' என்னும் சொல்லின் பொருள் யாது? பொதுமனை என்பதே அதன் பொருள். எவரும் அழைப்பின்றி நுழையலாம், அறிமுகமின்றிப் பேசலாம் என்பதே அம்மனையின் சிறப்பு. அங்கே மது செய்யும் வேலையை இங்கே ஒரு கோப்பைப் பிளேன்ரீ செய்து வந்தது. தேத்தண்ணிக் கடை என்று நம் மக்கள் வாயார அழைக்கும் அந்தச் சிறு கொட்டிலே நமது பொதுமனை.

அந்த வாங்கில் அமர்ந்தோர் யாவர்? சுபஹுத் தொழுகை முடிந்து வயலுக்குப் புறப்படும் விவசாயி. கரைவலை இழுத்துத் திரும்பும் மீனவர். பாடசாலைக்குப் போகும் ஆசிரியர். நீதிமன்றுக்கு நேரமாகிறது என்று நின்றபடியே குடிக்கும் சட்டத்தரணி. கல்லோயாத் தண்ணீர் எந்த வட்டைக்கு எப்போது திறக்கப்படும் என்பதை வட்டவிதானை அங்கேதான் சொன்னார். நெல் என்ன விலை போகிறது, அறுவடை இயந்திரத்துக்கு ஏக்கருக்கு எவ்வளவு கூலி என்பன அங்கேதான் தீர்ந்தன. ஒரு பத்திரிகை நான்காகப் பிரிந்து நான்கு கைகளில் வாசிக்கப்பட்டது. பாண்டிருப்பிலிருந்தும் காரைதீவிலிருந்தும் வந்த தமிழரும் கல்முனைக்குடி முஸ்லிமும் ஒரே வாங்கில் தோளுரச இருந்து ஒருவரையொருவர் ஏசினர், சிரித்தனர், மறுநாளும் வந்தனர். தேர்தலில் வென்று கொழும்புக்குப் போனவர் ஊர் திரும்பினால் முதலில் கணக்குக் கொடுக்க வேண்டியதும் அந்த வாங்குக்கே.

நோய்க்காலத்தில் அதனை மூடியது தவறு என்று நாம் வாதிக்கவில்லை. 16,000 க்கு மேற்பட்ட உயிர்களை இந்நாட்டில் அந்நோய் கொண்டுபோயிற்று. கூட்டம் கூடினால் தொற்றும் என்று மருத்துவர் சொன்னபோது அதற்குச் செவிசாய்த்தது நம் மக்களின் பெருமையே. 2020 மார்ச்சிலேயே ஐவேளைக் கூட்டுத் தொழுகையும் ஜும்ஆவும் நிறுத்தப்பட்டன. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அதற்கு வழிகாட்டியது. அவ்வாண்டு ரமழானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி இல்லை, தராவீஹ் வீட்டிலே, பெருநாள் தொழுகையும் வீட்டிலே. யுத்தத்தையும் 2004 டிசம்பரின் ஆழிப்பேரலையையும் கண்ட இக்கரை, அந்த வெறுமையையும் முணுமுணுப்பின்றி ஏற்றது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றும், டிசம்பர் இறுதியில் கல்முனை நகரின் ஒரு பகுதியும் தனிமைப்படுத்தப்பட்டபோதும் மக்கள் பொறுத்தனர்.

நாம் கேட்பது வேறு. வாங்குகள் வெறுமையாய்க் கிடந்த வேளையில் இந்நாட்டில் தீர்மானிக்கப்பட்டவை எவை?

பாராளுமன்றம் 2020 மார்ச் 2 ஆம் நாள் கலைக்கப்பட்டது. தேர்தல் ஒத்திவைக்கப்பட்டு, ஆகஸ்டு 5 ஆம் நாளே நடைபெற்றது. இடைப்பட்ட மாதங்களில் பெரிய மன்றமும் இல்லை. ஊர் மன்றமாகிய தேநீர்க்கடையும் இல்லை. அந்த இருட்டிலேதான், ஏப்ரல் 11 ஆம் நாள், நோயால் இறந்தோர் உடல்கள் யாவும் எரிக்கப்படவே வேண்டும் என்னும் விதி வர்த்தமானியில் வெளியாயிற்று. எந்தச் சட்டத்தின் கீழ்? 1897 ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ். வெள்ளையர் ஆண்ட காலத்துச் சட்டம் ஒன்று, ஓர் அமைச்சரின் கையொப்பத்தால், ஒரு சமூகத்தின் ஜனாஸாவையே தடுக்கப் போதுமானதாயிற்று. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. நீதிமன்றம் சென்றோர் மனுக்களை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பர் 1 ஆம் நாள் மேலே நடத்த அனுமதியாது தள்ளுபடி செய்தது. அதே மாதத்தில் பிறந்து இருபது நாளேயான பாலகன் ஒருவனும் கொழும்பில் தீக்கு இரையானான். கபன் துணியை வேலியிற் கட்டி மக்கள் மௌனமாக அழுதனர். எரித்துவிடுவார்களே என்று அஞ்சி மருத்துவமனைக்குப் போகவும் தயங்கினோர் பலர். நோயைத் தடுக்க வந்த விதி நோயை மறைக்கவைத்தது.

2021 பெப்ரவரியிலே விதி மாறிற்று. ஆயினும் ஊர் மையவாடி கிடைக்கவில்லை. எங்கே இறந்தாலும் மட்டக்களப்புக்கும் வடக்கே ஓட்டமாவடிக்கு உடலை அனுப்பவேண்டியதாயிற்று. 2022 மார்ச்சிலேதான் அந்தத் தடையும் நீங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு வந்தது, சாம்பல் திரும்பி வருமா?

2020 அக்டோபர் 22 ஆம் நாளை நினைவுகூர்வோம். ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கிய இருபதாம் திருத்தம் நிறைவேறிய நாள் அது. ஜனாஸா எரியும் காலத்திலேயே, கிழக்கின் வாக்குகளால் மன்றம் சென்ற முஸ்லிம் உறுப்பினர் சிலர் அதற்கு ஆதரவாகக் கையுயர்த்தினர். அவர்களுக்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் அந்நியாயத்தை எந்த வாங்கின் முன் வந்து சொன்னார்கள்? கேட்க ஆளிருந்தது, கூடி நின்று கேட்க இடமில்லை.

விவசாயப் பெருமக்களுக்கு மூன்றாவது நாள் நன்றாக நினைவிருக்கும். 2021 மே 6. இரசாயன உர இறக்குமதியைத் தடுக்கும் வர்த்தமானி அன்று வெளியாயிற்று. இரு வாரத்தில், மே 21 ஆம் நாள், நாடெங்கும் பயணத்தடை. சேதனப் பசளை நல்லதே. ஆயின் ஒரே போகத்தில் அதற்கு மாறமுடியுமா என்று சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் வயல் செய்யும் எந்த விவசாயியைக் கேட்டிருந்தாலும் கோப்பை ஆறுமுன் விடை சொல்லியிருப்பார். அவரைக் கேட்டவர் எவருமில்லை. எதிர்ப்புக் கிளம்பி, நவம்பரிலே தடை தளர்ந்தது. அதற்குள் பெரும்போகம் விதைத்தாகிவிட்டது. களத்திலே குறைந்த நெல் யார் கணக்கில் எழுதப்பட்டது? விவசாயியின் கடன் கணக்கில்!

இம்மூன்று தீமையையும் தேநீர்க்கடை தடுத்திருக்கும் என்று நாம் மிகைப்படுத்தவில்லை. வர்த்தமானியைக் கிழிக்கும் வலிமை வாங்குக்கு இல்லை. ஆனால் தவறு செய்வோனுக்கு நாணம் உண்டாக்கும் வலிமை அதற்கு உண்டு. தனித்து வருந்துவோன் தன் விதி என்று அடங்குகிறான்; பத்துப்பேரோடு இருந்து வருந்துவோன் இது அநீதி என்று எழுகிறான். அந்த மாற்றம் நிகழ்வதற்கு ஓர் இடம் வேண்டும்.

கையிலே தொலைபேசி இருக்கிறதே, வட்ஸ்அப் குழுவிலே பேசினால் ஆகாதா என்பார் உளர். ஊரடங்குக் காலத்தில் அது மருந்தையும் அரிசியையும் வீடு சேர்த்தது, அதற்கு நன்றி. ஆனால் அக்குழுவிலே இருப்போர் யார்? நம் ஊரார், நம் சமயத்தார், நம் கட்சியார். மாற்றுக் கருத்தாளனை ஒரு விரலால் வெளியேற்றிவிடலாம். வாங்கில் இருப்பவனை அப்படி எழுப்ப முடியாது. 2020 இல் நோயைப் பரப்புவோர் முஸ்லிம்களே என்னும் அவதூறு அத்தொலைபேசிகள் வழியேதான் தீப்போல் ஓடிற்று. கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரத்தில் தமிழர் குழுவிலே ஒரு கதை, முஸ்லிம்கள் குழுவிலே வேறொரு கதை. இரண்டையும் ஒரே கடையிற் சொல்லிப் பார்க்கட்டும். பாதி அங்கேயே பொய்யென்று விழும். மிகுதிப் பாதியிலேதான் தீர்வு கிடக்கிறது.

கட்டுப்பாடுகள் நீங்கி ஆண்டுகள் சென்றன. கடைகள் திறந்தன. ஆயினும் நாம் கண்டவரை, உள்ளே இழுத்த வாங்குகள் பலவும் வெளியே வரவில்லை. இடைவெளி விட்டு இருக்கச் சொன்ன காலத்தில் பார்சல் வியாபாரம் தொடங்கியது. ஆள் இருந்து பேசாவிட்டால் இலாபம் கூடுதல் என்று கடைக்காரர் கண்டுகொண்டார். அவரைக் குறைசொல்வதற்கில்லை. 2022 இல் எரிவாயு இல்லை. சீனி விலையும் பால்மா விலையும் ஏறின. ஒரு கோப்பையுடன் ஒரு மணிநேரம் இருப்பவரை அவர் எப்படித் தாங்குவார்? உத்தியோகத்தர் வாகனத்தில் இருந்தபடியே தேநீர் வாங்கிச் செல்கிறார். மருத்துவரும் பொறியியலாளரும் சட்டத்தரணியும் விவசாயியை வரிசையில் நிற்கும் நோயாளியாகவோ கட்சிக்காரராகவோ மட்டுமே காண்கின்றனர். நோய் பிரித்ததை வசதி பிரித்தே வைத்திருக்கிறது.

இவ்விடத்தில் நம் பழைய குறையையும் ஒப்புக்கொள்வோம். அந்த வாங்கு ஆண்களின் வாங்கு. பெண்கள் கூடிப் பேசியது முற்றத்திலும் கல்யாண வீட்டிலும் மரண வீட்டிலுமே. கட்டுப்பாடுகள் அவற்றையும் சுருக்கின. கல்யாணச் செலவு சுருங்கியது நன்மை. அது அவ்வாறே நிற்கட்டும். ஆனால் பெண்கள் ஊர்க் காரியம் பேச அவர்களுக்கென ஓர் இடம் முன்னும் இல்லை, இன்றும் இல்லை. பழையதை மீட்போம் என்போர் இக்குறையையும் சேர்த்து மீட்டுவிடக் கூடாது.

ஆகவே மூன்றை வற்புறுத்துகிறோம்.

முதலாவது சட்டத்தைப் பற்றியது. இங்கிலாந்து 2020 இல் இயற்றிய கொரோனா வைரஸ் சட்டத்திலே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொதுமக்கள் சபை வாக்களித்து நீடிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அங்கும் தவறுகள் நிகழ்ந்தன. கட்டுப்பாட்டை விதித்த பிரதம மந்திரியே அதை மீறி அபராதம் செலுத்தினார். எனினும் கணக்குக் கேட்கும் நாள் சட்டத்திலேயே குறிக்கப்பட்டிருந்தது. நமது 1897 ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறு திருத்தப்பட வேண்டும். மக்கள் கூடுவதைத் தடுக்கும் எந்த விதிக்கும் முடிவுநாள் வேண்டும். பாராளுமன்றம் இல்லாத காலத்தில் அத்தகைய விதி பிறப்பதானால், அதைக் கூட்டி அதன் முன் வைக்கும் கடமையும் வேண்டும்.

இரண்டாவது ஊராட்சியைப் பற்றியது. சந்தையும் பஸ் நிலையமும் கட்டுவோர், கட்டணமின்றி அமர்ந்து பேச நிழலுள்ள இருக்கைகளையும் கட்டட்டும். ஆணும் பெண்ணும் அச்சமின்றி அமரத்தக்க இடமாக அது இருக்கட்டும். வடிகானைப் போல், வீதி விளக்கைப் போல் இதுவும் பொதுத் தேவை.

மூன்றாவது நம்மைப் பற்றியது. படித்தோரே, வாரத்தில் ஒரு காலை, ஒரு மணிநேரம் கடைவாசலில் வந்து அமருங்கள். விவசாயிகளே, உங்கள் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தை அறைக்குள் நடத்தாமல் ஊரறிய நடத்துங்கள். தமிழ்க் கிராமத்தவரை முஸ்லிம் கிராமத்தவரும், முஸ்லிம் கிராமத்தவரைத் தமிழ்க் கிராமத்தவரும் அழையுங்கள். கடைக்காரருக்கு நட்டம் வராதிருக்க, இருவர் குடிக்கும் இடத்தில் நால்வர் குடியுங்கள்!

இதில் அவசரம் என்ன என்று கேட்போருக்கு ஒன்று சொல்வோம். 2025 மே 6 ஆம் நாள் நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, நீதிமன்ற வழக்குக் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்குத் தேர்தல் நடைபெறவில்லை. அயலூரெல்லாம் வாக்களித்த நாளில் இந்நகரம் கைகட்டி நின்றது. சபையும் இல்லாது வாங்கும் இல்லாது ஒரு நகரம் எத்தனை காலம் வாய்மூடி இருக்கும்?

நோய் மீண்டும் வரலாம்; வேறு பெயரில் வரலாம். அன்றும் மருத்துவர் சொன்னால் கடையை மூடுவோம். ஆனால் மூடும்போதே திறக்கும் நாளைக் கேட்டு மூடுவோம். திறக்கும் நாளில் கதவை மட்டும் திறவாது, வாங்கையும் வெளியே எடுத்துப் போடுவோம்.