நோயாராய்ச்சிப் பணம் எவருடைய நோய்க்கு?

சர்க்கார் வைத்திய ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணம் சர்க்கார் சம்பாதித்த பணமன்று. பால்மரத்தடியிலும் செம்பனைக் காட்டிலும் பட்டணத்துத் தொழிற்சாலையிலும் வியர்வை சிந்துகிறவர்கள் கொடுத்த வரிப்பணமே அது. ஆயினும் அப்பணம் எந்நோய்க்குச் செலவாகிறது, யாருடைய யோசனைப்படி செலவாகிறது என்று கேட்டால், “அது நிபுணர்கள் விஷயம், பாமரர் தலையிடலாகாது” என்ற பதிலே வருகிறது. நோயைச் சுமப்பவர் பாமரர். செலவைச் சுமப்பவரும் பாமரர். யோசனை மட்டும் அவர்களுக்கு ஆகாதாம்! இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை.

லாபமில்லாத இடத்தில் வியாபாரி முதல் போடமாட்டான். அவன் தொழில் அப்படிப்பட்டது. ஆகவே அவன் எட்டிப்பார்க்காத நோய்களுக்கே பொதுப்பணம் முதலில் போகவேண்டும் என்பது நமது கட்சி. 1990-ம் ஆண்டில் ஒரு சர்வதேசக் கமிஷன் கணக்கிட்டபோது, உலகின் அகால மரணச் சுமையில் நூற்றுக்கு 93 பங்கு ஏழை நாடுகளில் இருக்க, ஆராய்ச்சிப் பணத்தில் அந்நாடுகளின் நோய்களுக்குச் சென்றது நூற்றுக்கு 5 பங்கே என்று கண்டது.

பொதுப்பணம் என்ன செய்யக்கூடும் என்பதற்கு அத்தாட்சி தேடி நாம் வெளிநாடு போகவேண்டியதில்லை. கோலாலம்பூரில் 1900-ம் ஆண்டில் சர்க்கார் செலவில் ஒரு வைத்திய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அக்காலத்தில் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரைப் பெரிபெரி நோய் வாரிக்கொண்டு போயிற்று. கால் மரத்து, உடல் வீங்கி, இருதயம் நின்று மாண்டனர். தோட்டங்களிலிருந்த தமிழருக்கோ அந்நோய் அபூர்வம். தமிழர் உண்டது புழுங்கலரிசி. சீனர் உண்டது தவிடு நீங்கத் தீட்டிய வெள்ளையரிசி. 1905-ல் கோலாலம்பூர் பைத்தியக்கார விடுதியில் இருந்தவர்களை இரு பிரிவாக்கி, இவ்விரு அரிசிகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளையரிசி உண்டவர்களில் பலர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். (அந்த அப்பாவிகளின் சம்மதத்தை அன்று யார் கேட்டார்கள் என்பது வேறு வயிற்றெரிச்சல்.) 1907 முதல் டாக்டர் பிரேசரும் டாக்டர் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் சாலை வேலைக்கு வந்த ஜாவானியத் தொழிலாளரிடையே அதனை மீண்டும் சோதித்து, தீட்டும்போது கழிந்துபோகும் பகுதியில்தான் உயிர் காக்கும் பொருள் உள்ளது என்று காட்டினர்.

அரிசித் தவிட்டை எந்தக் கம்பெனி புட்டியில் அடைத்துக் கொள்ளை லாபம் அடித்திருக்கும்? பொதுப்பணம் இல்லையேல் இந்த ஆராய்ச்சியே இல்லை. அன்றைய ஆட்சியாளருக்குக் கூலிகள்மேல் காதலென்று நாம் சொல்லவில்லை. கூலி செத்தால் ஈயமும் நிற்கும் என்ற கணக்குத்தான். ஆனால் முடிவு தெரிந்த பின்னும் வெள்ளையரிசி வியாபாரம் நிற்கவில்லை. பெரிபெரியும் பல்லாண்டுகள் இந்நாட்டை விட்டுப் போகவில்லை. கண்டுபிடிக்கப் பணம் கிடைத்தது. கண்டதைச் சாப்பாட்டுத் தட்டுவரை கொண்டுபோக ஏற்பாடில்லை.

அண்மைக் காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. ஈரலை அரிக்கும் ஹெப்பட்டைட்டிஸ் சி நோய்க்கு சோபோஸ்புவிர் என்னும் மருந்து 2013-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கு விலை 84,000 அமெரிக்க டாலர்! 2017-ல் மலேசிய சர்க்கார் சட்டம் தரும் உரிமையைக் கையாண்டு, காப்புரிமைக்காரரின் சம்மதத்துக்குக் காத்திராமல் மலிவான மருந்தை வரவழைத்தது. மறு ஆண்டே சர்க்கார் மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை தொடங்கியது. அதனுடன் சேர்த்துக் கொடுக்க ரவிடாஸ்விர் என்ற மற்றொரு மருந்தை, லாபநோக்கமற்ற சர்வதேச ஸ்தாபனம் ஒன்றுடன் கூடி மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 நோயாளிகளிடம் சோதித்தார்கள். நூற்றுக்கு 97 பேர் குணமடைந்தனர். 2021-ல் அம்மருந்து மலேசியாவில் பதிவாயிற்று. மனமிருந்தால் சர்க்காரால் முடியும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

இனி நம் வீட்டு நோய்க்கு வருவோம். 2019-ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு, இந்தியருள் 31.4 பேருக்கு. சர்க்கரைக்கு மாத்திரை தேடக் கம்பெனிகள் போட்டியிடுகின்றன. தோட்டம் விட்டுப் பட்டணத்து அடுக்குவீட்டுக்கு வந்த குடும்பம் எதை உண்டு எப்படி வாழ்ந்தால் நோய் வராது என்று தேட எந்தக் கம்பெனி வரும்? வராதவனுக்கு எதை விற்பது?

ஆராய்ச்சியின் பலனை முன்கூட்டி யாரும் அளக்கமுடியாது, அறிஞரைக் கட்டிப்போடக்கூடாது என்று சிலர் ஆட்சேபிப்பர். அதில் உண்மையுண்டு, ஒரு பகுதிப் பணத்தை அவர்கள் இஷ்டத்துக்கே விட்டுவிடலாம். மற்றதற்குக் கணக்கு வேண்டும். எந்நோயால் எத்தனை பேர் வருந்துகின்றனர், அதற்கு எவ்வளவு பணம் என்பதை ஆண்டுதோறும் அச்சிட்டுத் தமிழிலும் வெளியிடவேண்டும். பணம் பங்கிடும் கமிட்டியில் நோயாளிகளுக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் இடம் வேண்டும். பொதுப்பணத்தில் பிறந்த மருந்தின் விலைக்கு வரம்பு, பணம் கொடுக்குமுன்பே ஒப்பந்தத்தில் எழுதப்படவேண்டும். கண்ட முடிவைத் தோட்டத்துக்கும் அடுக்குவீட்டுக்கும் கொண்டுசெல்லும் செலவையும் அத்தொகையிலேயே சேர்க்கவேண்டும்.

அடுத்த பட்ஜெட் சமயத்தில் நம் பிரதிநிதிகள், கோயில் மானியம் எவ்வளவு என்று விசாரிப்பதுடன், நீரிழிவைத் தடுக்கும் ஆராய்ச்சிக்கு எவ்வளவு என்றும் எழுந்து நின்று கேட்கட்டும்.