குழிக்குள் இறங்குவது எந்தப் பாடத்திட்டம்?

போன வருஷம் என் அக்கா மகன் ஒரு துறைமுகத்தின் எந்திரப் பராமரிப்புப் பிரிவில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தான். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் ஃபிட்டர் படித்துத் தேறியவன். எந்தத் துறைமுகம் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவனுக்கு வரவேண்டிய சான்றிதழ் வராது. தவிர, பெயரைச் சொல்லிவிட்டால் 'அந்த இடம் அப்படித்தான் சார்' என்று மற்ற எல்லோரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

எங்கள் தாத்தா மதராஸ் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அவர் பிடரியில் காய்த்துப்போயிருந்த தோலைச் சின்ன வயசில் தடவிப் பார்த்திருக்கிறேன். 1983-இல் அங்கே கண்டெய்னர் முனையம் வந்தது. மூட்டை பெட்டிக்குள் போனது, பெட்டியைக் கிரேன் தூக்கியது. 2001-இல் அந்த முனையத்தை நடத்தும் பொறுப்பு தனியார் கைக்குப் போனது. எல்லாத் துறைமுகத்திலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. சுமக்கிற வேலை சுருங்கியது, தூக்குகிற எந்திரத்தைப் பழுது பார்க்கிற வேலை பெருகியது. அந்த வேலையைக் கற்கத்தான் எங்கள் பையன் போனான். "எங்க தாத்தா மூட்ட தூக்கனாரு, எம் புள்ள தூக்கற மெஷினையே ரிப்பேரு பண்ணப் போறான்" என்று அக்கா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அன்று சேர்ந்தவர்கள் ஆறு பேர். பாய்லர் சூட், ஹெல்மெட், ஷூ எல்லாம் ஆறு பேருக்கும் ஒரே மாதிரி. ஃபோர்மேன் வரிசையாக நிற்க வைத்து விசாரித்தார்.

"எந்த ஊருப்பா?"

பையன் ஊர்ப் பெயரைச் சொன்னான்.

"ஊரா, காலனியா?"

"காலனி சார்."

அவ்வளவுதான். படிப்பில் ஓர் இடம் வாங்க நமக்கு வட்டாட்சியர் கையெழுத்துப் போட்ட சாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு எத்தனை நாள் நடக்கிறோம்! குழியில் ஓர் இடம் ஒதுக்க இந்த இரண்டு கேள்வி போதும்.

நாலு பேரை யார்டு கிரேனுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு அங்கே இரும்புக் கயிறு பார்க்கிற வேலை. கயிற்றில் எத்தனை இழை அறுந்திருக்கிறது, விட்டம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். அளவு மீறினால் கயிற்றையே கழற்றிப் போட வேண்டும். அந்தக் கயிற்றில்தான் பல டன் எடையுள்ள பெட்டி தொங்குகிறது. ஃபிட்டருக்கு அது பெரிய பாடம். எங்கள் பையனையும் இன்னொரு காலனிப் பையனையும் ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் இருந்த குழிக்கு அனுப்பினார்கள். வண்டி கழுவின எண்ணெய்த் தண்ணீரும் கேன்டீன் கழிவும் சேர்ந்து அடைத்துக்கொண்ட குழி. கையில் ஒரு பக்கெட்டும் மண்வெட்டியும். உள்ளே காற்று எப்படி இருக்கிறது என்று யாரும் சோதிக்கவில்லை. மேலே நின்று பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கிரேன் மேல் ஏறுவதற்கு அனுமதிச் சீட்டு எழுதுகிறவர்கள் குழிக்குள் இறங்குவதற்கு எழுதவில்லை.

சாயங்காலம் லாக் புக் எழுத வேண்டும். ஆறு நோட்டிலும் ஒரே வரியை எழுதச் சொன்னார் ஃபோர்மேன்: 'கிரேன் இரும்புக் கயிறு ஆய்வு.' எங்கள் பையன் 'குழி சுத்தம் செய்தேன்' என்று எழுதிவிட்டான். "இப்படி எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன் தம்பி. அடிச்சிட்டு ஒழுங்கா எழுதிக் குடு" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

ராத்திரி எனக்குப் போன் செய்தான். "மாமா, நெசத்த எழுதினா கையெழுத்து இல்ல. பொய் எழுதினா, நான் கத்துக்காதத கத்துக்கினதா ஆயிடும். இன்னா மாமா எழுதறது?"

ஊர் ஊராகப் போய் மேடையில் சாதி ஒழிப்புப் பேசுகிறவன் நான். அன்றைக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு வருஷம் பல்லக் கடிச்சிக்கடா. சர்ட்டிபிகேட்டு வரட்டும், அப்பால பாத்துக்கலாம்." வெட்கத்தோடு எழுதுகிறேன். அவன் அடித்துவிட்டு எழுதிக் கொடுத்தான். அது ஒரு நாளோடு முடியவில்லை. ஆயுத பூஜை வந்தது. லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைக்க நாலு பேர், தரை கழுவ இரண்டு பேர். மெஷினைத் தொட்டுப் பொட்டு வைக்கப் போனவனை "நீ இரு, அவன் வைப்பான்" என்று தடுத்திருக்கிறார்கள். எந்த இரண்டு பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை வெளியே சொன்னபோது எனக்குக் கிடைத்த பதில் என்ன? "அழுக்குப் படாம ஃபிட்டர் ஆக முடியுமா தோழர்? நாங்களும் கிரீஸ்ல பொரண்டுதான் வந்தோம்." கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் படும். அதனால் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பராமரிப்பு வேலையில் பாதி சுத்தம் செய்வதுதான். உப்புக் காற்று இரும்பைத் தின்கிற இடம் துறைமுகம். பழைய கிரீஸை வழித்து, துருவைச் சுரண்டி, துணியால் துடைத்தால்தான் அறுந்த இழை கண்ணுக்குத் தெரியும். துடைக்கிற கைதான் விரிசலைக் கண்டுபிடிக்கும். அந்த அழுக்கு பாடம். அதில் எங்கள் பிள்ளைகள் புரளத் தயார், கழுத்து வரைக்கும். ஆனால் துடைக்க ஒருவன், பார்க்க ஒருவன் என்று பிரித்தால் துடைத்தவன் கற்றது என்ன? கேன்டீன் கழிவை வாரினால் எந்த பேரிங்கின் சூடு தெரியும்? எந்த பிரேக்கின் இடைவெளி தெரியும்? கிரீஸையும் மலக்குழியையும் ஒரே அழுக்காகக் காட்டுகிறவன் தொழில் தெரியாதவன் இல்லை. நன்றாகத் தெரிந்தவன். தெரிந்தே பேசுகிறான்.

இது புதுசும் இல்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் தீண்டப்படாதவர்களை நெசவுப் பிரிவுக்குள் விடவில்லை. நாடாவில் நூல் மாற்றும்போது நூலை வாயால் உறிஞ்ச வேண்டும், இவன் வாய் பட்டதில் நாங்கள் எப்படி வாய் வைப்பது என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். நெசவில்தான் கூலி கூடுதல். 1920-களின் கடைசியில் நடந்த வேலைநிறுத்தங்களின்போது அம்பேத்கர் இதை நேருக்கு நேர் எழுப்பினார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் கூடிய தாழ்த்தப்பட்ட ரயில்வே தொழிலாளர்கள் மாநாட்டிலும் இதையே பேசினார். நம் ஆள் கேங்மேனாகவே செத்துப்போகிறான், போர்ட்டராகக்கூட ஆக முடியவில்லை. ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டும், ஸ்டேஷன் மாஸ்டர் சாதி இந்து. பஞ்சாலையில் நூல், ரயில்வேயில் வீட்டு வேலை, துறைமுகத்தில் குழி. சாக்கு மாறுகிறது. நல்ல கூலி கிடைக்கிற தொழில் நுணுக்கத்தை நம் கைக்குத் தராமல் இருப்பது மட்டும் மாறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? பயிற்சியாளர் சட்டம் 1961-இல் வந்தது. 1973-இல் அதில் 3ஏ பிரிவைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு தொழில் பிரிவிலும் தாழ்த்தப்பட்டவர்க்கும் பழங்குடியினர்க்கும் பயிற்சி இடங்களை முதலாளி ஒதுக்க வேண்டும். மாநிலத்தில் அவர்கள் மக்கள் தொகையைப் பார்த்து அந்த எண்ணிக்கையை நிர்ணயிக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டவர் 100-க்கு 20 பேர். கவனியுங்கள், இது அரசு நிறுவனத்துக்கு மட்டும் போட்ட சட்டமில்லை. தனியார் முனையமும் இதற்குள் வருகிறது. 2019-இல் திருத்திய விதிப்படி, ஒப்பந்த ஆட்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம், மொத்த ஆட்களில் 100-க்கு 2.5 முதல் 15 வரை பயிற்சியாளர்களை எடுக்க வேண்டும். தனியார் துறையில் இட ஒதுக்கீடு கேட்டு நாம் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறோமே, அதன் ஒரு சின்னக் கதவு 1973-இலிருந்து திறந்தே கிடக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதே சட்டத்தில், பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத வேலையில் பயிற்சியாளரை ஈடுபடுத்துவது குற்றம். முன்னே அதற்குச் சிறைத் தண்டனைக்கும் இடம் இருந்தது. 2014 திருத்தத்தில் சிறையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு தடவைக்கும் 1000 ரூபாய் அபராதம் என்று ஆக்கினார்கள். ஒரு பையனைக் குழிக்குள் இறக்கினதற்கு 1000 ரூபாய்! அதையும் கேட்க ஆள் இல்லை.

இன்னொரு பிரிவு இருக்கிறது, 18. பயிற்சியாளர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுகிறவர் மட்டுமே என்கிறது அது. வேலையில் கை போனால் நஷ்டஈடு உண்டு என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது கை போகிற நிமிஷத்தில் மட்டும் அவன் தொழிலாளி மாதிரி. நான் ஒரு தொழிற்சங்கத் தலைவரிடம் போய் உட்கார்ந்தேன். செங்கொடி பிடித்து முடி நரைத்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தோழர், அப்ரண்டிஸ் நம்ம சங்கத்துல உறுப்பினர் கிடையாது. சட்டப்படி அவன் தொழிலாளியே இல்லையே." முதலாளி போட்ட சட்டம் என்று எல்லாச் சட்டத்தையும் திட்டுகிறவர்கள், இந்த ஒரு பிரிவை மட்டும் எவ்வளவு பக்தியோடு ஒப்புக்கொள்கிறார்கள் பாருங்கள். குழிக்குள் இறங்கும்போது அவன் யார் தோழரே? உங்கள் சங்கத்து உறுப்பினர்தானே அந்த ஃபோர்மேன்? வர்க்கம் பேசுகிற வாய் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?

சங்கத்தை மட்டும் திட்டிவிட்டு நான் எழுந்து போக முடியாது. நம் இயக்கங்களைப் பார்த்தும் கேட்க வேண்டும். கல்லூரி இடத்துக்குப் போராடினோம், குமாஸ்தா வேலைக்குப் போராடினோம், பதவி உயர்வுக்கு வழக்குப் போட்டோம். எல்லாம் சரி. ஐ.டி.ஐ. முடித்த பிள்ளை எங்கே போகிறான், அங்கே அவனுக்கு என்ன நடக்கிறது என்று ஒரு கூட்டத்திலாவது பேசினோமா? நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. கைத்தொழில் என்றால் நமக்கே உள்ளூர ஓர் இளக்காரம் இருக்கிறது. 'படிப்பு வராத பையன்' போகிற இடம் என்று நினைக்கிறோம். கையை இழிவாகப் பார்க்கிற அந்தப் புத்தி பார்ப்பனியத்தின் புத்தி. அது நம் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்திருக்கிறது. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்த அம்பேத்கர், தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தையும் அந்தத் துறையில்தான் வைத்து நடத்தினார். அவருடைய கோட்டையும் புத்தகத்தையும் சிலையில் வைத்தோம். இதை மறந்துவிட்டோம்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

துறைமுகமோ தனியார் முனையமோ பராமரிப்பு ஒப்பந்தக்காரரோ, ஒவ்வொருவரும் 3ஏ பிரிவின்படி எத்தனை இடம் ஒதுக்கினார்கள், எத்தனை நிரப்பினார்கள் என்று வாசலில் பலகை வைக்க வேண்டும். எந்த வாரம் எந்தப் பயிற்சியாளர் எந்த எந்திரத்தில் என்று சுழற்சிப் பட்டியல் எழுதி ஒட்ட வேண்டும். ஃபோர்மேனின் வாய்ச் சொல் கூடாது. லாக் புக்கை அன்றன்றைக்குப் பையன் எழுதி, ஒரு படியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள உரிமை வேண்டும். குழி, சாக்கடை, கக்கூஸ் பக்கம் எந்தப் பயிற்சியாளரையும் அனுப்பக்கூடாது. எந்தச் சாதிக்காரனையும் கூடாது. முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு முதலாளியும் ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று 2014 திருத்தம் சொல்கிறது. அந்தக் கொள்கையை வெளியிட வேண்டும். மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்தவருக்கே முன்னுரிமை என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் ஓர் அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் சொல்லியிருக்கிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நாம் கேட்க வேண்டும். சங்கங்கள் பயிற்சியாளரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்க்காவிட்டால் நாம் தனியாகக் கூட்டுவோம்.

இதில் ஒன்றை என் அக்கா மகன் என்னைக் கேட்காமலே ஆரம்பித்துவிட்டான். ஆயுத பூஜைக்கு மறுநாள் கடையில் ஒரு நோட்டு வாங்கினான். கையெழுத்து வாங்குவதற்கு ஒரு நோட்டு, உண்மையை எழுத ஒரு நோட்டு. தேதி போட்டு, இன்றைக்கு என்ன வேலை, யார் சொன்னார், எத்தனை மணி நேரம் என்று எழுதி வருகிறான். நடுநடுவே கிரேன் பக்கம் போகக் கிடைத்த நாட்களில் அவனே பார்த்துப் பார்த்துக் கற்றதும் அதில் இருக்கிறது. கப்பியின் படம் போட்டு அளவு குறித்திருக்கிறான். போன மாசம் அதை என்னிடம் காட்டினான். "நீ பல்லக் கடிச்சிக்கச் சொன்ன மாமா. நான் எழுதி வச்சிக்கினேன்" என்றான்.

பயிற்சி முடிந்து சான்றிதழ் கைக்கு வந்ததும் அந்த நோட்டைப் பயிற்சி ஆலோசகரின் மேஜை மேல் கொண்டுபோய் வைக்கப்போகிறோம். ஒரு நோட்டாகப் போனால் தூக்கி எறிந்துவிடுவார்கள். உங்கள் தெருவிலிருந்தும் யாராவது ஒரு பையன், ஒரு பெண் எங்காவது அப்ரண்டிஸாகப் போயிருப்பார்கள். இன்று சாயங்காலமே போய் அவர்களைக் கேளுங்கள், இன்றைக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்று. சொல்வதைத் தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுத நோட்டு இல்லையென்றால் நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.