சுட்ட பழம்

ஒரு வீட்டில் ஆப்பிள் இருந்தால் யாரோ படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நம்ம பக்கத்து வழக்கம் அப்படி. ஆசைப்பட்டு வாங்கித் தின்பது வாழைப்பழம், சீதாப்பழம். ஆப்பிளை மட்டும் அடுத்தவருக்கு உடம்புக்கு வந்தால்தான் வாங்குவோம்.

போன ஐப்பசியில் எங்கள் நார்த்தாமலை வீட்டில் பதினான்கு ஆப்பிள் இருந்தது. அப்பாவுக்கு மிச்சமிருந்த ஒன்பது பல்லையும் இரண்டு தவணையில் பிடுங்கியிருந்தார்கள். பல் பிடுங்கிய மனுஷனைப் பார்க்க வருகிறவர்கள் எதை வாங்கி வருவார்கள்? ஆப்பிள்தான். "நல்லாக் கடிச்சுச் சாப்பிடுங்கண்ணே, ரத்தம் ஊறும்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார் ஒருவர். அப்பா முறைத்ததை அவர் கவனிக்கவில்லை.

எங்கள் ஊர் மேலமலையில் விஜயாலய சோழீச்சரம் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில். சாத்தன் பூதி கட்டியது மழையில் இடிந்து, மல்லன் விதுமன் திருப்பிக் கட்டினார் என்று கல்வெட்டே இருக்கிறது. அப்பாவின் வாயைத் திருப்பிக் கட்ட மட்டும் ஈறு ஆற வேண்டும், குறைந்தது ஆறு வாரம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆறு வாரமும் கஞ்சி. கல் குவாரியில் வேலை பார்த்தவர், சீடையை உடைத்துத் தின்னாமல் அப்படியே கடிப்பவர். டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். பேசும்போது துண்டால் வாயை மூடிக்கொண்டார். மூன்றாவது வாரம் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அம்மா ஒருநாள் ஆப்பிளை வேகவைத்து மசித்து, கிண்ணத்தில் போட்டு நீட்டினாள். "நான் என்ன பச்சைப் புள்ளையா?" என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி கஞ்சியும் இல்லை.

எனக்குத் திருச்சியில் ஆபீஸ். பழைய புத்தகக் கடையில் ஒரு வெள்ளைக்காரச் சமையல் புத்தகம் கிடைத்தது. அதில் ஆப்பிளை முழுசாக, உருக்குலையாமல் சுடுவது எப்படி என்று போட்டிருந்தது. 'இலையுதிர் கால மாலைக்கு உகந்தது' என்று ஒரு குறிப்பு. எங்கள் ஊரில் வேப்பமரம் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். அப்போது அடுப்படியில் நின்றால் ஆப்பிளுக்கு முன்னால் நாம் வெந்துவிடுவோம். நமக்கு ஐப்பசி மழைதான் சரி. சிம்லா, காஷ்மீர் ஆப்பிள் வந்து இறங்குவதும் அதை ஒட்டித்தான். அந்தச் சிம்லா ஆப்பிளும் நம்மூர்ச் சரக்கல்ல ஸார். சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916-ல் கோட்கரில் நட்ட ரகம்தான் அங்கே பெரிதாகப் பரவியது.

அடுத்தது, '180 டிகிரி அவனில் வைக்கவும்'. அவனுக்கு எங்கே போவது? நான் யோசித்துக்கொண்டிருக்க, அம்மா எட்டிப் பார்த்து, "சுத்தியும் ஒரே மாதிரி சூடு வேணும், அவ்வளவுதானே? கடலை வறுக்கிற மணல் சட்டி இருக்குடா" என்றாள். நான் பி.காம்.

முறை இதுதான். இரும்புச் சட்டியில் இரண்டு விரல் உயரம் மணல். மூடி போட்டுக் கால் மணி சூடாக்க வேண்டும். ஆப்பிளின் காம்புப் பக்கம் கத்தியால் குடைந்து விதையை எடுக்க வேண்டும். அடியில் ஓட்டை விழக்கூடாது, விழுந்தால் நெய்யெல்லாம் தட்டுக்குப் போய்விடும். குழிக்குள் இரண்டு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை, ஒரு ஸ்பூன் வெண்ணெய், பட்டைத் தூள் ஒரு சிட்டிகை, நாலு திராட்சை. (முந்திரி போடச் சொல்கிறது புத்தகம். அப்பாவுக்கு முந்திரி போடுவது குத்திக் காட்டுவது மாதிரி. விட்டுவிட்டேன்.) சர்க்கரை வியாதி உள்ளவர்கள் திராட்சையோடு நிறுத்திக்கொள்ளலாம், அப்பாவுக்கு அது ஒன்றுதான் இல்லை. மணல் மேல் ஸ்டாண்ட், அதன் மேல் எவர்சில்வர் தட்டு, தட்டில் ஆப்பிள். மூடி, மூடி மேல் நாலு தணல். முக்கால் மணி நேரம்.

முதல் ஆப்பிள் 'டப்'பென்று வெடித்தது. அம்மா ஈசுவரா என்றாள். ஆப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர். அது ஆவியாகி வெளியே வர வழி தேடும், தோல் விடாது. இடுப்பைச் சுற்றி அரைஞாண் மாதிரி தோலில் ஒரு கீறல் போடச் சொல்லியிருந்தது புத்தகம். நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. வெடித்ததில் ஸ்டாண்ட் சாய்ந்து, பக்கத்துப் பழம் மணலில் உருண்டது.

மறுபடி இரண்டு பழம், கீறலோடு. அரைமணியில் வாசனை கிளம்பியது. பட்டையும் வெல்லமும் உருகுகிற வாசனை, ஈர மண் வாசனையோடு சேர்ந்து திண்ணை வரை போயிருக்க வேண்டும். அப்பா இருமினார். எங்கள் வீட்டில் அது விசாரணை. ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தேன். வெண்ணெயில் போவது போலப் போனது. தோல் சுருங்கியிருந்தது, பழம் முழுசாக நின்றது.

தட்டில் வைத்து, ஸ்பூனோடு திண்ணைக்குக் கொண்டுபோனேன். அப்பா பார்த்தார்.

"என்னடா இது? முழுசாக் குடுக்குறே?"

"முழுசாத்தாம்ப்பா திங்கணும்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஸ்பூனை ஓரமாக வைத்துவிட்டார். ஆப்பிளைத் துண்டோடு சேர்த்துக் கையில் எடுத்தார். பல்லில்லாத வாயால், நன்றாக அகலத் திறந்து ஒரு கடி. பாதி போய்விட்டது. சாறு தாடையில் வழிந்தது. துடைக்கக் கூடத் துண்டை எடுக்கவில்லை.

உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அடுத்த நாலு ஆப்பிளைக் குடைய ஆரம்பித்தாள்.

இரண்டாவதையும் கேட்டார். அவசரத்தில் மணலில் உருண்ட பழத்தைத் துடைத்து, திரும்பச் சுட்டுக் கொண்டுபோய் வைத்துவிட்டேன் போலிருக்கிறது. கையில் எடுத்தவர் உற்றுப் பார்த்தார். பிறகு ஃபூ, ஃபூ என்று ஊதினார்.

"என்னப்பா, சுடுதா?" என்றேன்.

"மணலுடா" என்றார்.