பட்டம் வேண்டும், திட்டமும் வேண்டும்!

விரும்பிய பாடத்தைப் படிக்கலாம், வேலையை விடாமலே படிக்கலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்கிறார்கள். பொதுப் பட்டப்படிப்பைப் பற்றி இன்று நாடெங்கும் ஒலிக்கும் பேச்சு இது. கேட்கக் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது.

ஆலையிலே எட்டு மணி நேரம் இயந்திரத்தோடு மல்லாடிவிட்டு வீடு திரும்பும் தோழன், பணிமனையிலே இரவு முறை பார்க்கும் தோழன், கடையிலே கணக்கெழுதும் தோழன் ஆகியோருக்கெல்லாம் ஒரு காலத்திலே கல்லூரிக் கதவு மூடியே கிடந்தது. இன்று அது திறந்திருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால், உள்ளே நுழைந்தவன் எந்தப் பக்கம் நடப்பது, எத்தனை தூரம் நடப்பது, எந்த வாசல் வழியே வெளியேறுவது என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்வார் யார்? இதுதான் நாம் எழுப்பும் கேள்வி.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரிலே பட்டப்படிப்புக்கான பாடத்திட்ட வரைமுறையை வெளியிட்டது. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட். நான்காண்டுப் பட்டத்துக்கு 160 கிரெடிட். கிரெடிட் என்றதும் மிரள வேண்டியதில்லை. கடையிலே சரக்கை நிறுக்க எடைக்கல் இருப்பதுபோலப் படிப்பை நிறுக்க இது ஓர் எடைக்கல். மூன்றாண்டுப் பட்டத்தின் 120 கிரெடிட்டிலே முதன்மைப் பாடத்துக்கு 60, துணைப் பாடத்துக்கு 24. மொழி, பிற துறைப் பாடங்கள், கைத்திறன் போன்றவற்றுக்கு மீதி. சரிபாதி ஒரே பாடத்துக்கு என்று ஏன் வைத்தார்கள்? எதையாவது ஒன்றை ஆழக் கற்காதவன் எதையும் கற்றவன் ஆகான் என்பதாலே!

இந்த முறை நேற்று முளைத்ததன்று. பிரிட்டனிலே 1963இல் ஹெரால்டு வில்சன், வானொலியும் தொலைக்காட்சியும் வழியாகப் பாடம் நடத்தும் பல்கலைக்கழகம் வேண்டும் என்றார். அதை நிறைவேற்றப் போராடியவர் ஜென்னி லீ என்ற அம்மையார். ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள் அவர்! படித்தவர்களிலே பலர் நகைத்தனர், அம்மையார் அசையவில்லை. 1969இல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது; 1971 சனவரியிலே பாடம் தொடங்கிற்று. முன்பு என்ன படித்தாய் என்று கேட்டு எவரையும் திருப்பி அனுப்பவில்லை.

அங்கேயும் விருப்பப்படி பாடம் எடுக்கலாம். ஆனால் முதலிலே அடித்தளப் பாடம் படித்தாக வேண்டும்; அதன் மேல்தான் மாடி. அதுமட்டுமல்ல, சேர்ந்த நாளிலிருந்தே மாணவருக்கு ஓர் ஆலோசகரை அமர்த்தினார்கள். எதை எடுக்கலாம், எதை ஒத்திப் போடலாம் என்று பேசித் தீர்க்க ஆள் இருந்தது. சுதந்திரம் தந்தார்கள், துணையும் தந்தார்கள்! துணையில்லாத சுதந்திரம், கரை தெரியாத ஆற்றிலே இறக்கிவிட்டு நீந்து என்பது போன்றது.

இங்கே நிலைமை என்ன? பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே ஆலோசனை கிடைத்துவிடுகிறது. அலுவலர் வீட்டுப் பெண்ணுக்கு அண்ணன் சொல்வான், மாமன் சொல்வான். தன் வீட்டிலே முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகிற தொழிலாளித் தோழனுக்குக் கையிலே கிடைப்பது ஒரு விளக்கக் கையேடும், பணம் கட்டக் கடைசித் தேதியும்தான். பட்டியலிலே நூறு பாடங்கள். எளிதென்று எவனோ சொன்ன பாடம் ஒன்று, தேர்வு மையம் பக்கத்திலே இருப்பதால் ஒன்று, நண்பன் எடுத்ததால் ஒன்று என்று பொறுக்குகிறான். உளவியலிலே கொஞ்சம், சுற்றுலாவிலே கொஞ்சம், வரலாற்றிலே கொஞ்சம்! மூன்றாண்டு கழித்துப் பார்த்தால் கையிலே பட்டம் இருக்கிறது. அது திறக்கும் கதவு எதுவென்று அவனுக்கும் தெரியவில்லை, கொடுத்தவருக்கும் தெரியவில்லை.

ஆகவே, தோழர்களே, திட்டத்தை முடிவிலிருந்து தொடங்குங்கள். எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்பதை முதலிலே தீர்மானியுங்கள்; பிறகு சாவியைச் செய்யுங்கள்.

அரசுப் பணித் தேர்வு எழுதுவது நோக்கமா? பெரும்பாலான பதவிகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். அப்படியானால் தேர்வுக்கும் உதவுகிற வரலாறு, பொருளாதாரம், அரசியல் போன்ற பாடங்களையே எடுங்கள். ஒரே உழைப்பு இரண்டு இடத்திலே பலன் தரும். ஆசிரியராக வேண்டுமா? எந்தப் பாடத்தைக் கற்பிக்கப் போகிறீர்களோ, அந்தப் பாடத்தைப் பட்டத்திலே படித்தீர்களா என்றுதான் கேட்பார்கள். அங்கே கதம்பம் செல்லாது. முதுகலைக்குப் போக வேண்டுமா? அதற்குரிய பாடத்தை முதன்மையாகப் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் படிப்புகள் உண்டு. தொழிற்சங்கப் பணிக்கே வாழ்வை ஒப்படைக்கப் போகிறீர்களா? பொருளாதாரம் முதுகெலும்பாகட்டும், கணக்குப் பதிவியலும் தொழிலாளர் சட்டமும் கைகளாகட்டும். நிர்வாகம் நீட்டும் வரவு செலவுக் கணக்கைத் தானே படித்துப் புரிந்துகொள்ளும் தொழிலாளியை ஏமாற்றுவது எளிதன்று!

கதவைச் சரிபார்க்காமல் சாவி செய்ததால் வந்த துன்பத்துக்குச் சான்று நம் மாநிலத்திலேயே உண்டு. பள்ளிப் படிப்பை முடிக்காதோர், வயதை மட்டும் காட்டித் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலே சேர்ந்து பட்டம் பெற வழி இருந்தது. பலர் பெற்றனர். 2009இல் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறிய பின்னர் பெற்ற திறந்தநிலைப் பட்டமே அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லும் என்றது அந்த ஆணை. ஆண்டுக்கணக்காகக் கண் விழித்துப் படித்தவனின் பட்டம், அவன் நாடிய வாசலிலே செல்லாக்காசு! குற்றம் படித்தவனுடையதா? முன்கூட்டியே எச்சரிக்காதவர்களுடையதா?

அடுத்து, நேரக் கணக்கு. தேசிய கிரெடிட் வரைமுறைப்படி ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பு. ஆண்டுக்கு 40 கிரெடிட். மூன்றாண்டுக்கு 3,600 மணி! மூன்றே ஆண்டிலே முடிக்க வேண்டுமானால், பொங்கல் நாளும் விடாமல் தினம் மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் படிக்க வேண்டும். தினம் இரண்டு மணி நேரம்தான் முடியும் என்றால் ஐந்து ஆண்டு ஆகும். இதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூன்றாண்டுப் பட்டத்தை ஆறாண்டு வரை நீட்டி முடிக்க இடம் தந்தது உழைப்பவனை எண்ணித்தான். முதற்பருவத்திலேயே ஆறு பாடங்களைத் தலையிலே ஏற்றிக்கொண்டு, பாதி வழியிலே சுமையைப் போட்டுவிட்டு ஓடுவதைவிட, மூன்று பாடம் எடுத்து மூன்றிலும் தேறுவது மேல். கணக்குப் பாடம் ஒன்று எடுத்தால், கூடவே வாசிப்புப் பாடம் ஒன்று எடுங்கள். மிகைநேர வேலை மிகுந்த மாதங்களிலே தேர்வு வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தியையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. புதிய முறையிலே ஓராண்டிலே 40 கிரெடிட்டோடு, 4 கிரெடிட் தொழிற்பயிற்சியும் முடித்தால் சான்றிதழ் பெற்று வெளியேறலாம். ஈராண்டிலே பட்டயத்தோடு வெளியேறலாம். 2021 விதிகளின்படி சேமித்த கிரெடிட்டுக்கு அதிகம் போனால் ஏழாண்டு ஆயுள். இதை வசதி என்கிறார்கள். வசதிதான், திரும்பி வர முடிந்தவனுக்கு! பணமுள்ள வீட்டுப் பிள்ளை அந்த வாசலைத் திரும்பிப் பார்க்கவே மாட்டான். அப்பனுக்கு உடம்பு சரியில்லை, கடன்காரன் வாசலிலே நிற்கிறான் என்கிற வீட்டுப் பிள்ளைதான் அந்த வழியே வெளியேறுவான். வாசலைத் திறந்து வைத்தவர்கள், அவன் திரும்பி வருவதற்கு உதவித்தொகையும் வைக்க வேண்டாமா?

நாம் கேட்பது இரண்டு. பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு மாணவருக்கும் ஆலோசகரை அமர்த்த வேண்டும்; மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அவர் கிடைக்க வேண்டும். எந்தப் பாடக் கூட்டு எந்த வேலைக்கு, எந்த மேற்படிப்புக்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதை, பணம் வாங்கும் முன்பே, தமிழிலே, எழுத்திலே தர வேண்டும்.

அதுவரை நாம் கைகட்டி நிற்பதா? கூடாது. ஊருக்கு ஊர் படிப்பகங்கள் இருக்கின்றன. சங்க அலுவலகங்கள் இருக்கின்றன. பட்டம் முடித்த தோழர்கள் வாரம் ஒரு மாலை அங்கே உட்காரட்டும். சேர விரும்பும் தோழன் ஒரு முழுத்தாள் கொண்டு வரட்டும். மேலே அவன் அடைய விரும்பும் கதவின் பெயர். கீழே பருவத்துக்கு ஒரு கட்டம். ஒவ்வொன்றிலும் பாடம், கிரெடிட், கட்டணம், தினம் படிக்கும் நேரம். அந்தத் தாள் நிரம்பிய பிறகே விண்ணப்பம் நிரம்பட்டும்.

கூலியை எண்ணி வாங்கும் நாம், கல்வியையும் எண்ணித்தான் வாங்க வேண்டும். உழைப்பவனின் ஒவ்வோர் இரவும் விலைமதிப்புள்ளது. அதை வீணாக்க எவருக்கும் உரிமையில்லை, பல்கலைக்கழகத்துக்கும் இல்லை! பட்டம் பெறுவோம், திட்டமிட்டுப் பெறுவோம்!