உயிரோடிருக்கிறேன்



கணவரை இழந்த பெண்களுக்குப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. மூன்று வருடங்களுக்கு முன் அதே படிவத்தை எனக்காக நிரப்பினேன்.

என்னவர் அரசாங்கப் பாடசாலை ஆசிரியர். சம்பளச் சிட்டையில் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கு மாதாமாதம் வெட்டுவதைக் கண்டு, "இப்பவே என்னை விதவையாக்கப் பார்க்கிறீங்களோ?" என்று சண்டை பிடிப்பேன். அவர் சிரிப்பார். இன்று மகளின் பால்மாவும் கொப்பியும் அந்தக் காசில்தான்.

இத்திட்டம் 1898 இல் தொடங்கியது. மனைவியை இழந்த ஆண்களுக்கான சட்டம் 1983 இல்தான் வந்தது. உழைப்பவன் ஆண், அழுபவள் பெண் என்று சட்டமும் நெடுங்காலம் எண்ணியிருக்கிறது!

ஓய்வூதியம் தொடர, நான் உயிரோடிருப்பதை வருடாவருடம் கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டும். முதல் வருடம் கையெழுத்திடக் கை நடுங்கியது. பொய் சொல்வது போலிருந்தது. இவ்வருடம் நடுங்கவில்லை. "கையெழுத்து வடிவாயிருக்கு, தங்கச்சி" என்றார் அவர். வீட்டுக்கு வந்து, அம்மா உயிரோடு இருக்கிறாவாம் என்று மகளிடம் சொன்னேன். இருவரும் சிரித்தோம்.

சகோதரிகளே, கணவர் அரச ஊழியரானால் அவரது ஓய்வூதிய இலக்கத்தை இன்றே கேட்டு எழுதி வையுங்கள். சண்டை பிடித்தபடியே கேட்டாலும் பரவாயில்லை.