வேலிப் பொட்டை அடைப்பவர் யார்?

விழாமலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியனிடம் அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியக் கட்டுரையே என்பதை யான் அறிவேன். எனினும், சில திங்களாக என் நெஞ்சை உறுத்திவரும் காரியம் வேறொன்று. அதனையே ஈண்டு எழுதத் துணிந்தேன், அன்பர்கள் பொறுத்தருள்க.

எம் சங்கத்தின் அங்கத்தவர் பதிவேட்டைக் கணினியில் அமைக்கும் பணியைப் பழைய மாணவர் இருவரும் உயர்தர வகுப்பு மாணவர் மூவரும் சேர்ந்து செய்துவருகின்றனர். திரையில் தோன்றும் தமிழில் எழுத்துப்பிழை களைய என்னை அழைத்தனர். அவர்கள் அருகிருந்து கேட்டும், பின்னர் படித்தும் அறிந்தவையே மென்பொருளைப் பற்றி யான் அறிந்தவை. அவர்கள் தம் கையால் எழுதிய பகுதி சிறிது. எஞ்சியவையெல்லாம் பிறர் எழுதி, யாவரும் பயன்கொள்க என இணையத்தில் வைத்த ஆயத்த உறுப்புகள். அவற்றைப் பொதிகள் என்பர். நாம் கேட்டு வாங்கிய பொதியொன்று, நாம் கேளாத பல பொதிகளைத் தன்னோடு கூட்டிவருகிறது. கலியாண வீட்டுக்கு அழைத்த ஒருவர் தம் சுற்றத்தோடு வந்து சேர்வது போல. இதில் இழிவொன்றுமில்லை. வீடு கட்டுவோன் கல்லையும் தானே அரிந்துகொள்ள வேண்டுமென எவரும் சொல்லார்.

ஒருநாள் யான் அங்கிருந்தபோது, பொதியொன்றிற் பாதுகாப்புக் குறை காணப்பட்டதென்றும், திருத்திய பதிப்பு வெளிவந்துள்ளதென்றும் திரையில் அறிவித்தல் தோன்றியது. "இதனைக் கவனிப்பவர் யார்?" என்று வினவினேன். ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கினர். ஒரு மாணவன் மட்டும், "சேர், அது மூன்று கிழமையாய் வந்துகொண்டுதான் இருக்கிறது" என்றான்.

இரு வளவுக்கும் பொதுவான எல்லைவேலியிற் பொட்டு விழுந்தால் நம் ஊரில் நேர்வதும் இதுவே. இவர் அடைப்பாரென்று அவர் இருப்பார். அவர் அடைப்பாரென்று இவர் இருப்பார். ஆடு எவருக்காகவும் காத்திராது. பிறர் செய்த பொதிகளை இற்றைப்படுத்தும் வேலை குழுவில் எல்லோருக்கும் உரியதென விடப்படும்வரை, அஃது எவருக்கும் உரியதன்று என்பதே என் கருத்து. பெயர் குறித்து ஒருவரை நியமித்தல் வேண்டும். அவர் இல்லாதபோது கவனிக்க இன்னொருவரும் வேண்டும்.

இரண்டாமவர் எதற்கெனின், அமெரிக்காவில் மக்களின் கடன் வரலாற்றைத் திரட்டிவைக்கும் எக்குவிபக்ஸ் நிறுவனத்துக்கு நேர்ந்ததை நோக்குக. அது பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் பொதியிற் காணப்பட்ட குறைக்கு 2017 மார்ச் 7ஆந் திகதி திருத்தம் வெளிவந்தது. அதனை ஏற்குமாறு நிறுவனத்துள்ளே அறிவித்தலும் போயிற்று. ஆயினும் ஓரிடத்தில் அப்பொதி திருத்தப்படாமலே கிடந்தது. பின்னர் தேடிய கருவியும் அதனைக் காணவில்லை. எந்தப் பொதி எங்கேயுள்ளது என்னும் முழுமையான பட்டியல் அவர்களிடம் இருக்கவுமில்லை. மே மாதந் தொடக்கம் யூலை வரை அவ்வழியாற் புகுந்தோர் ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் மக்களின் விவரங்களைக் கவர்ந்தனர். சொல்லவேண்டிய செய்தியை ஒருவர் சொல்லத் தவறினார் என்று, பதவி விலகிய தலைவர் அந்நாட்டுக் காங்கிரஸ் சபையிற் கூறினார். இதனை வாசித்தபோது முகமறியாத அந்த ஒருவருக்காக இரங்கினேன். அத்தனை கோடி மக்களின் காவலைத் தனியொருவரின் ஞாபகத்திலே தொங்கவிட்டவர் யார்?

பட்டியலின் அருமையை உலகம் முழுதும் உணர்ந்தது 2021 டிசெம்பரிலே. ஜாவா மொழியில் எழுதிய மென்பொருள்கள் தம் நடப்புகளைக் குறித்துவைக்க உதவும் லொக்-போ-ஜே என்னும் பொதியிற் கொடிய குறையொன்று வெளிப்பட்டது. தம்மிடம் அப்பொதி இருப்பதே பலருக்குத் தெரியாது. வேறு பொதியின் மடிக்குள்ளிருந்து அது வந்திருந்தது. திருத்திய 2.15 ஆம் பதிப்பும் போதாமற் போக, 2.16, 2.17 என அம்மாதத்துக்குள்ளேயே மேலும் பதிப்புகள் வந்தன. அவற்றைச் செய்தவர்களுட் பெரும்பாலார் ஊதியமின்றி உழைத்த தொண்டர்கள். அவர்களை வைதோரும் உளர் என்பது வருந்தத்தக்கது.

"அப்படியானால் புதியது வந்தவுடன் தானாகவே ஏற்கும்படி விட்டுவிடலாமே" என்றான் குழுவிலொருவன். அதுவும் தகாது. லினக்ஸ் உலகிற் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்-செட் என்னும் பொதியில், ஈராண்டுக்கு மேலாக நல்லுதவியாளராய் நடந்து, பேணும் உரிமையையும் பெற்றுக்கொண்ட ஒருவர், 5.6.0, 5.6.1 ஆகிய புதிய பதிப்புகளிற் கள்ளவாயில் ஒன்றை ஒளித்துவைத்தார். தொலைவிலிருந்து கணினியினுள் நுழைவதற்கு வழமையிலும் அரை விநாடி கூடுதலாய்ச் செல்வதைக் கண்டு ஐயுற்ற அந்திரேஸ் புரொயின்ட் என்னும் பொறியியலாளர், ஆராய்ந்து 2024 மார்ச் 29ஆந் திகதி அதனை வெளிப்படுத்தினார். அரை விநாடி! அன்று பழைய பதிப்பில் இருந்தோரே தப்பினர்.

ஆகவே எல்லாப் புதுமையையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. பாதுகாப்புத் திருத்தமெனின், அறிவித்தலை வாசித்து, படியொன்றிற் சோதித்து, தாமதமின்றி ஏற்க வேண்டும். வெறும் புதுப்பதிப்பெனின் ஒரு கிழமை பொறுக்கலாம். அதற்குள் உலகம் அதனைச் சோதித்துவிடும். எந்தப் பொதியின் எந்தப் பதிப்பு என்பதை உறுதிசெய்யும் பூட்டுக்கோப்பு ஐவரிடத்தும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஒருவன் கணினியில் ஓடுவது மற்றவன் கணினியில் ஓடாதெனின் திருத்தத்தைச் சோதிப்பதெங்ஙனம்? பதிப்பெண்ணின் மூன்று கூறுகளை அவர்கள் எனக்கு விளக்கியபோது, பகுதி, இடைநிலை, விகுதி என்று யான் எனக்குப் பழகிய முறையில் விளங்கிக்கொண்டேன். விகுதி மட்டும் மாறின் சிறு திருத்தம். பகுதியே மாறின் பழைய வாக்கியங்கள் பொருந்தாமற் போகும். எல்லோரும் இவ்விதியைக் காப்பதில்லையாம். நம் இலக்கணத்துக்கும் அக்கதிதானே! திகதியை அழகாய்க் காட்டுவதற்கென்றே வாங்கியிருந்த ஒரு பொதியை, யான் கேட்டபின் நீக்கிவிட்டனர். இல்லாத பொதிக்குக் காவல் வேண்டுவதில்லை.

எம் குழுவுக்கு வேறோர் இடரும் உண்டு. வருகிற பரீட்சையோடு மாணவர் மூவரும் கல்லூரியை விட்டுச் சென்றுவிடுவர். பழைய மாணவர் இருவருள் ஒருவர் கொழும்பில். மற்றவர் கடல் கடக்க ஆயத்தமாகிறார். பதிவேடோ இங்கேயே இருக்கும். அதில் நம்மவர் பலரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கும். முகவரிப் பட்டியலொன்று அந்நியர் கையிற் சிக்குவது எத்தகையது என்பதை நம் தலைமுறைக்கு விளக்க வேண்டுவதில்லை.

சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் இவ்வேலைக்கென ஒதுக்குமாறு செயற்குழுவைக் கேட்டுள்ளேன். அன்று பார்த்தவை, ஏற்றவை, ஏற்காமல் விட்டவை, விட்டதன் காரணம் ஆகியவற்றை எழுதக் கொப்பியொன்றும் வாங்கிக் கொடுத்தேன். அதன் முதற்பக்கத்தில் பொறுப்பாளருக்கும் துணைப் பொறுப்பாளருக்குமாக இரண்டு கோடுகள் இழுத்தேன். முதற்கோட்டின்மேல் மாணவனொருவன் பென்சிலாற் தன் பெயரை எழுதியிருக்கிறான். மற்றைக் கோடு வெறுமையாகவே உள்ளது. என் வகுப்புத் தோழர்களின் முகவரிகள் என்னிடம் உள்ளன. அக்கோட்டில் ஒரு பெயரைக் காணும்வரை அவற்றைக் கொடுப்பதாயில்லை என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன்.