வடமும் கட்டையும்



திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம். எடை ஏறக்குறைய 300 டன். நேர் வீதியில் வடம் பிடிக்கிறவர்கள் அதை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வீதி முடிகிற மூலைக்கு வந்ததும் பொறுப்பு கைமாறுகிறது. சக்கரத்தை ஒட்டிக் குனிந்து நிற்கும் முட்டுக்கட்டைக்காரர்கள்தான் அங்கே தேரை நடத்துகிறார்கள். கட்டையைச் சற்றே சாய்த்துக் கொடுக்கிறார்கள். சக்கரம் நேரே போக வழியில்லாமல் உரசிப் பக்கவாட்டில் நகர்கிறது. அந்தச் சறுக்கலுக்காகவே மூலைகளில் இரும்புத் தகடு போட்டு மசகு தடவுகிறார்கள். ‘முட்டுக்கட்டை போடாதே’ என்று வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்போம்! அந்தக் கட்டை இல்லையென்றால் தேர் நிலைக்கு வந்து சேராது.

போகிற ஒன்றை வேறு பக்கம் கொண்டுபோவதற்கு நம்மிடம் எத்தனை வினைச்சொற்கள்! பொதுவாகத் ‘திருப்பு’ என்போம். லாரி ஓட்டுநரிடம் ‘ரைட்ல ஒடி’ என்றால்தான் அவருக்குத் திருப்தி. மாட்டுவண்டியை வளைக்கிறோம். வயலில் மடை மாற்றுகிறோம். செய்கிறவர்களைக் கூர்ந்து பாருங்கள், யாரும் எதையும் முட்டித் தள்ளுவதில்லை. வண்டி வலப்பக்கம் வளைய வேண்டுமானால் வலப்பக்கத்து மாட்டின் கயிற்றை இழுத்துப் பிடித்தால் போதும். மற்ற மாடு தானே சுற்றி வரும். மடை மாற்றுகிறவரும் ஒரு வாய்க்கு நாலு மண்வெட்டி மண்ணை அணைத்துவிட்டு இன்னொரு வாயை வெட்டிவிடுகிறார். தண்ணீர் தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. திருப்புவதில் பாதி வேலை, ஒரு பக்கத்தைப் பிடித்து நிறுத்துவதுதான்.

இதையே மலையளவில் செய்து பார்த்தது பெரியாறு அணைத் திட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து மேற்கே அரபிக்கடலுக்குப் போகிற ஆறு பெரியாறு. 1887-இல் தொடங்கிய அணை வேலை, பொறியாளர் பென்னிகுவிக் மேற்பார்வையில் 1895-இல் முடிந்தது. சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் தூளும் கலந்து கட்டிய அணை நீரைத் தேக்கி நிறுத்தியது. மலையைக் குடைந்த சுரங்கம் அதைக் கிழக்கே இறக்கி வைகைப் படுகையில் சேர்த்தது. கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் பல வீடுகளில் பென்னிகுவிக் படம் மாட்டியிருக்கிறது. பொங்கல் நாளில் அவர் பிறந்த நாளையும் சேர்த்துக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் ஆற்றைத் திருப்பிய கையோடு கதை முடியவில்லை. அணையின் பாதுகாப்பு பற்றி அதற்குக் கீழே வாழும் கேரள மக்களுக்குக் கவலை. நீர் குறைந்தால் என்னாவது என்று நம் பக்கத்து விவசாயிகளுக்குக் கவலை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு பக்கம் திருப்பினால் மறுபக்கம் கவலை வரும் என்பது ஊர் வயக்காட்டில் தெரிந்த சங்கதிதான். அதனால்தான் மடை மாற்ற முறை வைத்தார்கள், நீர்பாய்ச்சி என்று ஓர் ஆளையும் வைத்தார்கள். இந்த வயலுக்கு மடையைத் திறக்கும்போது எந்த வயலுக்கு அடைபடுகிறது என்று பார்த்துச் செய்வது அவர் பொறுப்பு. அப்படிப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் இதே சொற்கள் கெட்டுப்போகின்றன. நிதியை மடைமாற்றினார்கள் என்று செய்தி வந்தால், எங்கோ ஒரு வயல் காய்ந்துவிட்டது என்று பொருள். பிரச்சினையைத் திசை திருப்பினார்கள் என்றால், கேட்டவருக்குப் பதில் கிடைக்கவில்லை என்று பொருள்.

நல்லபடியாகத் திருப்புகிறவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் சம்பந்திகளின் பேச்சு சூடேறும்போது, “அண்ணே, இலை போட்டாச்சு, மொதல்ல சாப்பிட வாங்க” என்று நடுவில் வந்து நிற்கிற அத்தையை நினைத்துப் பாருங்கள். எட்டாம் வகுப்போடு வேலைக்குப் போகவிருந்த பையனை, “இந்த ஒரு வருஷம் மட்டும் அனுப்பி வைங்க” என்று பெற்றோரிடம் கேட்டு நிறுத்திவைத்த வாத்தியாரையும் நினைத்துப் பாருங்கள். இருவரும் யாரையும் இழுக்கவில்லை. சரியான நேரத்தில், சரியான சாய்வில், ஒரு கட்டையைக் கொடுத்தார்கள். வடம் பிடித்தவர்களைப் படம் எடுக்கிறோம்; குனிந்து கட்டை கொடுத்தவர் படத்தில் விழுவதில்லை.

அவர்களைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்கவே இந்தப் பக்கம். உங்கள் வாழ்க்கை வேறு பக்கம் போகவிருந்தபோது குறுக்கே நின்றவர் யார்? கூடவே, உங்கள் தொழிலில் திருப்புவதற்கு என்ன சொல் சொல்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். படகு ஓட்டுகிறவர்கள், தறி நெய்கிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், ரயில்வேயில் பாயிண்ட்ஸ் மாற்றுகிறவர்கள் எல்லோரிடமும் ஒவ்வொரு சொல் இருக்கும். அகராதியில் ஏறாத சொல்லாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பக்கத்துக்குள் எழுதினால் அடுத்த இதழில் பலருக்கு இடம் கொடுக்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்